லந்து பண்ணுங்க, லைட்டை மாத்தாதீங்க

1/
கார் மாடிஃபிகேஷன் பற்றி ஒரு நீண்ட இழை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது. நான் எலும்பு முறிவு மருத்துவர், மதுரைக்காரன், கார் பைத்தியம். இந்த மூணும் ஒரே ஆளுக்குள்ள இருக்கிறதால வர்ற பிரச்சினைதான் இந்த இழை. திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

2/
எங்க கார் கூட்டத்துல யாருக்கும் பேர் கிடையாது, வண்டிதான் பேர். ஸ்கார்பியோ அண்ணன், போலோ தம்பி, எஸ்டீம் சார், இப்படி. ஒருத்தர் வண்டியில ஏதாவது மாட்டிட்டு வந்தா அன்னைக்கு அவர்தான் பலி.

ஸ்விஃப்ட்டுல பெரிய ஸ்பாய்லர் வச்சவர்கிட்ட: "ஏம்ப்பா, டவுன்ஹால் ரோட்டுல பதினஞ்சுல போறப்ப வண்டி பறந்துரும்னு பயமா?"

சைலன்சர் மாத்தினவர்கிட்ட: "நீ திருமங்கலத்துல வர்றப்பவே கேட்டுருச்சு. டீ சொல்லி ஆறியே போச்சு."

கூரை மேல வரிசையா லைட்டு கட்டினவர்கிட்ட: "அண்ணே, கப்பலுக்கு வழி காட்டவா? வைகையில தண்ணியே இல்லையே."

3/
சிரிச்சாச்சா? இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த லந்து சாதாரண விஷயம் இல்லை. வண்டியில யார் எதை மாட்டுறாங்கன்னு தீர்மானிக்கிறது தேவையோ விளம்பரமோ இல்லைங்க, இந்த லந்துதான். ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரியே வண்டி வச்சிருக்கிறவன்கிட்ட "என்னய்யா, ஒரு ஸ்டிக்கராவது ஒட்டிருக்கலாம்ல" என்று நாலு பேர் நாலு வாரம் சொன்னா, அஞ்சாவது வாரம் அவன் பைபாஸ் ரோட்டுல ஏதாவது ஒரு ஆக்சஸரீஸ் கடையில நிப்பான்.

கிளினிக்கில் நான் பத்து தடவை "எடையைக் குறைங்க"ன்னு சொல்லி நடக்காதது, மச்சான் ஒரு தடவை "தொப்பை முன்னாடி வருது, நீ பின்னாடி வர்ற"ன்னு சொன்னதும் நடந்திருக்கு. கூட்டாளி வாய்க்கு அவ்வளவு பவர்.

4/
ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். வண்டியைக் கழட்டி மாட்டுற ஆசையை நான் கேவலமா பேசப் போறதில்லை. அது நம்ம ஊர் ரத்தத்துல இருக்கு. டி.வி.எஸ். குடும்பம் 1911-ல் பஸ், லாரி தொழிலில் இறங்கி வளர்ந்த ஊர் மதுரை. கோவையில் கரிவரதன் என்ற மனிதர் 1980-களில் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரே செய்தார். ஃபார்முலா மாருதி. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அந்த மாதிரி வண்டி ஓட்டிப் பழகியவர்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன்.

ஆக, மாடிஃபிகேஷன் என்பது பொறுக்கித்தனம் இல்லை, அது ஒரு கை வேலை. ஆனா கரிவரதன் வண்டி ஓடினது டிராக்கில். அங்க எதிர்ல வண்டி வராது, குறுக்கே பள்ளிக்கூடப் பிள்ளை ஓடாது, ஓட்டுறவர் தலையில ஹெல்மெட், உடம்பில் ஐந்து ஆறு முனை பெல்ட். நம்ம வண்டி ஓடறது கோரிப்பாளையத்தில்.

5/
நான் வண்டியை ரெண்டா பிரிச்சுப் பார்ப்பேன்: உடுப்பு, உடம்பு.

சீட் கவர் துணி, ஸ்டீரியோ, மேட், உள்ளே வாசனை, சின்ன ஸ்டிக்கர், இதெல்லாம் உடுப்பு. உங்க ரசனை. பிங்க் கலர்ல சீட் போட்டாலும் நான் சிரிப்பேனே தவிர தடுக்க மாட்டேன்.

லைட், பம்பர், பெல்ட், ஏர்பேக், டயர், ஸ்பிரிங், பிரேக், இதெல்லாம் உடம்பு. இதுல கை வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: "இது சரியா வேலை செய்யலைன்னா யாருக்கு அடிபடும்?" பதில் "எனக்கு மட்டும்" என்பது அபூர்வம்.

6/
முதலில் லைட். இப்போ நம்ம ஊர்ல நடக்கிற மிகப் பெரிய அக்கிரமம் இதுதான்.

சாதாரண ஹாலஜன் ஹெட்லைட்டில் பெரும்பாலும் இருக்கிறது எச்4 பல்ப், 60/55 வாட். அதுக்குப் பின்னாடி இருக்கிற ரிஃப்ளெக்டர், அந்த பல்பில் இழை எந்த இடத்தில் இருக்கோ அதை மில்லிமீட்டர் கணக்கில் வச்சு வடிவமைச்சது. வெளிச்சம் ரோட்டுல எங்க விழணும், எதிர்ல வர்றவன் கண்ணுக்குக் கீழே எங்க வெட்டணும் எல்லாம் அந்த வளைவில் இருக்கு.

அதே கூட்டுக்குள்ள கடையில வாங்கின வெள்ளை எல்.இ.டி. பல்பைச் சொருகினா வெளிச்சம் வர்ற புள்ளி மாறிடும். வெட்டு காணாமப் போயிடும். நீங்க டிம் போட்டிருப்பீங்க. எதிர்ல வர்றவனுக்கு அது பிரைட்.

7/
கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். பலமான வெளிச்சம் விழுந்ததும் விழித்திரை செல்கள் தற்காலிகமா வெளுத்துப் போகும். திரும்பிப் பார்வை வர சில நொடிகள். வயசாக ஆக இந்த நேரம் கூடும். கண்புரை ஆரம்பிச்சவங்களுக்கு லென்ஸே கலங்கலா இருக்கிறதால வெளிச்சம் உள்ளே சிதறி மொத்தமும் பால் வெள்ளையாத் தெரியும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். மூணு நொடி கண் தெரியலைன்னா 66 மீட்டர் குருட்டு ஓட்டம்.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச ஊர் இது. உலகம் பூரா இருந்து கண்புரை ஆபரேஷனைப் பார்த்துக் கத்துக்க வர்ற ஊரில், நாமளே ஊரான் கண்ணைக் குருடாக்கிட்டு ரிங் ரோட்டுல போறோம்.

8/
இதுல யார் அடிபடுறாங்க? பெரும்பாலும் நீங்களும் இல்லை, எதிர்ல வந்த கார்க்காரரும் இல்லை. அவருக்கு இடது பக்கம் ரோட்டோரத்தில் போனவர்.

தைப்பூசத்துக்கு முன்னாடி ராத்திரியில் திண்டுக்கல் ரோட்டுல போயிருக்கீங்களா? பழனிக்கு நடந்து போறவங்க கூட்டம் கூட்டமா, வெறுங்காலோட, தார் ஓரத்துல போவாங்க. சில பேர் பையில ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கும், பல பேரிடம் இருக்காது. எதிர் வெளிச்சத்தில் கண் கூசிய டிரைவர் இயல்பாவே இடது பக்கம் ஒதுங்குவார். அந்த இடதுலதான் அவங்க நடக்கிறாங்க.

9/
"எனக்கு ராத்திரி ரோடு தெரியலையே டாக்டர்" என்பது நியாயமான புகார். அதுக்கு வழி இருக்கு. பழைய வண்டியில் ஹெட்லைட் மேல்மூடி மஞ்சளாப் போயிருக்கும். பாலிஷ் போடுங்க, பாதி பிரச்சினை தீரும். அதே வாட்டில் நல்ல கம்பெனி பல்ப் போடுங்க. வயரிங் பலவீனமா இருந்தா ரிலே போடச் சொல்லுங்க. வெளிச்சம் விழுற உயரத்தை மெக்கானிக்கிட்ட சரி பண்ணுங்க. டிக்கியில் லோடு இருந்தா மூக்கு தூக்கும், டேஷ்போர்டில் லைட்டை இறக்குற சின்ன சக்கரம் இருக்கும், அதைத் திருப்புங்க. அப்புறம் ஒரு கண் பரிசோதனை. நிறைய பேருக்கு மாத்த வேண்டியது பல்ப் இல்லை, கண்ணாடி.

10/
அடுத்து பம்பருக்கு முன்னாடி வைக்கிற இரும்புக் குழாய். புல் பார், கிராஷ் கார்டு, எந்தப் பேர் சொன்னாலும் சரி. ஸ்கார்பியோ அண்ணனின் வாதம் இது: "டாக்டரே, மாடு வந்து நிக்குது. கார்டு இருந்தா பம்பர் செலவு மிச்சம்."

அண்ணே, பம்பர் செலவு மிச்சம்தான். நான் மறுக்கலை. ஆனா காரின் முன்பக்கம் நசுங்கணும்னுதான் செஞ்சிருக்காங்க. அது நசுங்குற நேரத்தில்தான் உங்க உடம்பு வேகத்தைக் குறைச்சுக்குது. சட்டத்தோட நேரா சேர்த்து வெல்டிங் பண்ணின இரும்பு, அந்த நசுங்கலைத் தாண்டி அடியை நேரா உள்ளே கொண்டு வரும். ஏர்பேக் எப்ப விரியணும்னு முடிவு பண்ற சென்சார், கம்பெனி கொடுத்த முகப்பு எப்படி நசுங்கும்னு கணக்குப் போட்டு வச்சது. கணக்கை மாத்திட்டா ஏர்பேக் லேட்டா வரலாம்.

11/
இது உள்ளே இருக்கிறவங்க கதை. வெளியே நிக்கிறவங்க கதை எங்க ஆபரேஷன் தியேட்டர்ல.

முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்தட்டு உடைஞ்சு போறதுக்கு எலும்பு மருத்துவத்தில் "பம்பர் ஃபிராக்சர்" என்றே ஒரு பேர் உண்டு. பெரியவங்களுக்கு பம்பர் அந்த உயரத்தில் இடிக்கும். குழந்தைன்னா அதே உயரம் தொடை. அடுத்து பானெட் விளிம்பு நெஞ்சு, வயிறு. அப்புறம் தூக்கி வீசப்பட்டு தலை. தொடை, உடல், தலை மூணும் சேர்ந்து அடிபடுறதுக்கு எங்க பாடத்தில் தனிப் பேரே இருக்கு. பிளாஸ்டிக் பம்பர் கொஞ்சமாவது வளையும். இரும்புக் குழாய் வளையாது, எலும்புதான் வளையணும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இந்த கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஐரோப்பாவில் 2005-லேயே இதுக்கெனத் தனி விதி வந்தாச்சு.

12/
மூணாவது, எனக்கு ரொம்பக் கோபம் வர்ற சமாச்சாரம். சீட் பெல்ட் போடலைன்னா "டிங் டிங்" சத்தம் வரும். அதை நிறுத்த ஒரு இரும்பு நாக்கு விக்கிறாங்க. பெல்ட் சொருகுற இடத்துல அதைச் சொருகினா வண்டி ஏமாந்துடும். சத்தம் நின்னுடும். சில பேர் அதுல சாமி படம், கார் கம்பெனி லோகோ எல்லாம் போட்டு வாங்குறாங்க.

2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் போய் இறந்த பிறகு நாடே கொஞ்ச நாள் பேசியது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களை இந்த நாக்கை விற்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. போட்டு என்ன? கேட்டு வாங்குறவன் இருக்கிற வரைக்கும் விக்கிறவன் இருப்பான்.

13/
"ஏர்பேக்தான் இருக்கே" என்பவர்களுக்கு. ஏர்பேக் கண் சிமிட்டுறதுக்குள்ள, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ள விரிஞ்சு முடிஞ்சிடும். பெல்ட் உங்களைச் சீட்டில் பிடிச்சு வச்சிருக்கும்னு நம்பித்தான் அதை வச்சிருக்காங்க. பெல்ட் இல்லாத உடம்பு முன்னாடி சறுக்கி, விரிஞ்சுக்கிட்டிருக்கிற பையை மூஞ்சியில வாங்கும். கீழே முழங்கால் டேஷ்போர்டில் மோதி, தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தை விட்டுப் பின்னாடி நழுவும். அந்த மூட்டைத் திரும்ப உள்ளே போடும்போது அந்த ஆள் போடுற சத்தத்தைக் கேட்டா, டிங் டிங் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும்.

பெல்ட் போட்டா மரண ஆபத்து பாதி வரை குறையும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதிங்க! இப்படி ஒரு மாத்திரை இருந்தா கியூவில் நின்னு வாங்குவீங்க.

ரெண்டு சின்ன விஷயம்: பயணி பக்கம் ஏர்பேக் மூடி மேல பிள்ளையாரை ஒட்டாதீங்க, நடுவுல வைங்க. சீட் ஓரத்தில் ஏர்பேக் இருக்கிற வண்டின்னா, அதுக்கு வழி விட்டுத் தைச்ச சீட் கவர் மட்டும் போடுங்க.

14/
டயர். பெரிய அலாய் போட ஆசைன்னா கணக்குத் தெரிஞ்சு போடுங்க. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 ஏறக்குறைய 621. ரிம் பெருசாச்சு, மொத்த உருண்டை மாறலை. ஒரே மாடலில் விலை குறைஞ்ச வண்டிக்கு ஒண்ணு, விலை கூடினதுக்கு இன்னொண்ணு கம்பெனியே இப்படிக் கொடுக்கும். இது அறிவான மாற்றம். கம்பெனி அனுமதிச்ச அளவு என்னன்னு கையேட்டில் பார்த்துப் போடுங்க.

அதை விட்டுட்டு உருண்டையையே பெருசாக்கினா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். விட்டம் 5 சதவீதம் கூடினா, மீட்டரில் 80 காட்டும்போது முன்னே இருந்ததை விட 4 கிலோமீட்டர் கூடுதலாப் போவீங்க. ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துறது இன்னும் மோசம். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு வண்டியும் தாங்காது, உங்க முதுகுத் தண்டும் தாங்காது. பட்டறையில் மிச்சம் பிடிச்ச காசு ஃபிசியோதெரபிக்குப் போகும்.

15/
ரீமேப். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு ஜிகர்தண்டாவில் சாதா, ஸ்பெஷல் மாதிரி பேசிக்கிறாங்க. பவர் கூடும், உண்மைதான். பிரேக் அதேதானே? 80-லிருந்து 100-க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது. ஆனா பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல. நத்தம் பறக்கும் பாலத்தில் 7.3 கிலோமீட்டர் நேரா ரோடு கிடைச்சதும் கால் அரிக்கும். இறங்குற இடத்தில் ஷேர் ஆட்டோ நிக்கும்.

டீசல் வண்டியில் புகை வடிகட்டியைக் கழட்டி எறியறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நீங்க விட்டுட்டுப் போற கரும்புகையை முழுங்குறது பின்னாடி ஸ்கூட்டர்ல பிள்ளையை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டுப் போற அம்மா. அந்தப் பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கிறது எங்க குழந்தை மருத்துவர்.

16/
சத்தம். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தா 15 நிமிஷம்தான். உட்காதில் இருக்கிற நுண்முடி செல் செத்தா திரும்ப முளைக்காது. தலைமுடியாவது காசு கொடுத்து நட்டுக்கலாம்.

டிக்கி பூரா பேஸ் பாக்ஸ் வச்சவருக்குப் பின்னாடி 108 ஹாரன் அடிக்கிறது கேக்காது. அந்த ஆம்புலன்ஸ் எங்ககிட்டதான் வந்துக்கிட்டிருக்கு.

17/
கறுப்பு ஃபிலிம் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு மனசு இளகும். கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணியில் நிறுத்தின வண்டிக்குள்ள ஏறினவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொதிப்பு. ஆனாலும் விதி இதுதான்: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரணும். உச்ச நீதிமன்றம் 2012-ல் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. காரணம் போலீஸ் உள்ளே பார்க்கணும் என்பது மட்டும் இல்லை. ராத்திரியில் பக்கத்துல வர்ற பைக்கை நீங்க பார்க்கணும். தோலுக்குக் கவலைன்னா, முன் கண்ணாடி இரட்டை அடுக்கு, புற ஊதாக் கதிரை அதுவே பெரும்பாலும் தடுத்துடும். நிறுத்தும்போது சன் ஷேடு போடுங்க, ஏறினதும் நாலு கண்ணாடியையும் ரெண்டு நிமிஷம் இறக்கி விடுங்க.

18/
சட்டம் சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கிறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி பண்ணியது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை 6 மாதம் வரை சிறை, இல்லை ரெண்டும். கலர் மாத்தினா கூட ஆர்.சி.யில் ஏத்தணும். இன்சூரன்ஸ்காரரிடம் மறைச்சிருந்தா கிளெய்ம் நேரத்தில் இழுபறி தனி.

19/
இப்போ எதிர்வாதம். எஸ்டீம் சார் கேட்பார்: "டாக்டர், பின் லைட்டே இல்லாம கரும்பு டிராக்டர் போகுது. ஓவர்லோடு லாரி போகுது. ரோட்டுல குழி. அதையெல்லாம் விட்டுட்டு எங்க பிள்ளைங்க ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு வர்றீங்களா?"

நியாயமான கேள்வி. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் செத்தாங்க. அத்தனைக்கும் மாடிஃபிகேஷன் காரணம்னு நான் சொல்லலை, சொன்னா அது பொய். வேகம், குடி, ஹெல்மெட் இல்லாமை, ரோடு, எல்லாம் பெரிய காரணங்கள். ஆனா ரோடு அப்படி இருக்கிறதாலதான் சொல்றேன். பின் லைட் இல்லாத டிராக்டரை ஒருத்தர் பார்த்துப் பிரேக் போடணும்னா அவர் கண்ணு கூசக் கூடாது. குழி, டிராக்டர் என் கையில இல்லை, உங்க கையிலயும் இல்லை. உங்க பல்ப் உங்க கையில இருக்கு.

20/
நான் கைதட்டுற மாடிஃபிகேஷனும் இருக்கு. போலியோவில் கால் போனவருக்கு, விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால இயக்குற மாதிரி லீவர் வச்சுக் கொடுக்கிற வேலை. இதுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கு, ஆர்.டி.ஓ.விடம் முறையா பதிவு பண்ணி ஓட்டலாம். ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளயே கிடந்த மனுஷன் தானே வண்டி ஓட்டி ஃபாலோ அப்புக்கு வந்து இறங்கும்போது, எங்களுக்கு எந்த ஆபரேஷனும் கொடுக்காத திருப்தி அது.

இன்னொண்ணு, குழந்தைக்கான சீட். நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வைக்கிறவங்க வண்டியில் பிள்ளை எங்க இருக்குன்னு பாருங்க. முன் சீட்டில் அம்மா மடியில், ஏர்பேக்குக்கு நேரா. தயவு செஞ்சு பின்னாடி உட்கார வைங்க.

21/
ஆக நான் கேக்கிறது லந்தை நிறுத்தச் சொல்லி இல்லை. லந்து இல்லாம மதுரை எதுக்கு? திசையை மட்டும் கொஞ்சம் மாத்துங்க. ஸ்டாக் வண்டிக்காரனை விடுங்க. பெல்ட் நாக்கு சொருகினவனை ஓட்டுங்க: "ஏப்பா, நீ ஏமாத்துறது வண்டியையா, எமனையா?" எல்.இ.டி. சொருகினவனை ஓட்டுங்க: "மாப்ள, எதிர்ல வர்றவங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிறியா? அது டாக்டர் வேலை."

நாலு வாரம் சொல்லிப் பாருங்க. அஞ்சாவது வாரம் கழட்டிடுவான். சட்டம், அபராதம், என்னோட இந்த இழை, எதுவும் செய்யாததை உங்க வாய் செய்யும்.

22/
படிச்சதோட போகாம ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி வண்டியைச் சமதளத்தில், ஒரு சுவருக்கு ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்க. டிம் போடுங்க. சுவர்ல வெளிச்சத்துக்கு மேலே தெளிவா ஒரு வெட்டுக்கோடு தெரியணும். அது உங்க ஹெட்லைட் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும். இடது பக்கம் மட்டும் லேசா ஏறிப் போகும், வலது பக்கம் ஏறக் கூடாது. வலதுலதான் எதிர் வண்டி வருது.

கோடே இல்லாம சுவர் பூரா வெளிச்சம் பரவி இருந்தா, பழைய பல்பைத் தேடி எடுங்க. தூக்கிப் போட்டிருந்தா புதுசு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். மாத்திட்டு கீழே எந்த வண்டின்னு மட்டும் எழுதுங்க. ஓட்ட மாட்டேன், சத்தியமா.